வாழ்முள் வேலியின் கனி

நுழையும்முன்

வேலி என்றதும் இன்று நம் கண்முன் வருபவை கல்தூணும் முள்கம்பியுமே. நம் முன்னோர்க்கு வேலி என்பது நட்டு வளர்த்த ஓர் உயிர். அது பூத்தது, காய்த்தது, பறவைகளுக்குக் கூடு கட்ட இடம் தந்தது, ஆடு மேய்க்கும் சிறுவர்களின் பசியாற்றியது. அந்த வேலியில் நின்ற எளிய முட்புதர்களுள் ஒன்று களா. அதன் இயல்பையும் வரலாற்றையும் அறிவதன் வழியாக, ஓர் ஊர் தன் எல்லையை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது என்னும் வினாவையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

மன்னன் சூடிய காய்

சங்ககாலச் சேர மன்னர்களின் பெயர்களுக்கு முன் நிற்கும் அடைமொழிகளுள் பல, அவர்களுடைய படைவலிமையையும் வெற்றியையும் சுட்டுவன. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன், பல்யானைச் செல்கெழு குட்டுவன் முதலிய பெயர்களை நோக்கினால் இது விளங்கும். ஆனால் ஒரு மன்னனின் பெயர் மட்டும் காட்டுப்புதர் ஒன்றின் காயைத் தாங்கி நிற்கிறது. அவன் பெயர் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவனைப் பாடுகிறது. பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார்.

கண்ணி என்பது தலையில் சூடும் மாலை. இம்மன்னன் முடிசூடிய வேளையில், ஏதோ ஒரு காரணத்தால், மரபுக்குரிய கண்ணியும் மணிமுடியும் கிடைக்கவில்லை. எனவே களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து சூட்டினர் எனப் பதிற்றுப்பத்தின் பழைய உரை கூறுகிறது. பின்னர் அவன் வாகைப் பெருந்துறையில் நன்னனை வென்று, இழந்த நாட்டை மீட்டான் என்பதை அகநானூற்றின் 199ஆம் பாடலால் அறிகிறோம். நாட்டை மீட்ட பின்னரும் அவன் பெயரிலிருந்து களங்காய் நீங்கவில்லை. பொன்னும் மணியும் கைக்கு எட்டாத பொழுதில் அரசனுக்கும் எட்டிய பொருளாக இருந்தது களங்காய் என்பதை இப்பெயர் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அரசனுக்கு அது கண்ணி. மக்களுக்கு அது உணவு. ஆவூர் மூலங்கிழார் பாடிய புறநானூற்று 177ஆம் பாடலில் ஒரு காட்சி வருகிறது. கள்ளுண்டு கண் சிவந்த ஆடவர் புளிப்புச் சுவையை விரும்பிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் தின்கின்றனர். அவை சலித்துப்போனதும் காட்டாற்று மணல்மேட்டில் ஏறி, கரிய நாவற்கனிகளைப் பறித்து உண்கின்றனர். களாவும் துடரியும் முட்புதர்கள்; எவரும் உழுது பயிரிடாதவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பழங்களின் சுவை வேறுபாட்டைத் தமிழர் நாவால் அறிந்து, பாட்டிலும் பதிந்து வைத்திருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

களா + காய் = களங்காய். மரப்பெயரின் முன் வல்லினம் வந்தால் அதற்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றுவதும் உண்டு என்பது நன்னூல் விதி. இங்குக் ‘களா’ என்பதன் இறுதி நெடில் குறுகிக் ‘கள’ என நின்று, ககரத்திற்கு இனமான ஙகரம் தோன்றியது. விளா + காய் = விளங்காய் என்பதும் இவ்வாறே. மா + காய் = மாங்காய் என்பதில் நெடில் குறுகாமல் மெல்லெழுத்து மட்டும் தோன்றியது. இன்று களாக்காய் எனவும் பேச்சுவழக்கில் கிளாக்காய் எனவும் வழங்குகிறோம்.

இருவகை வேலி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் வேலியைக் குறிக்கும் இரு தொடர்கள் உள்ளன. ஒன்று ‘வாழ்முள் வேலி’. மற்றொன்று ‘இடுமுள் வேலி’. முன்னது, உயிரோடு வளரும் முட்செடிகளால் ஆன வேலி. எயினரின் அரணைச் சொல்லுமிடத்தில் அது வருகிறது. பின்னது, வெட்டிக் கொணர்ந்த முட்களை இட்டு அமைத்த வேலி. ஆடு வளர்க்கும் ஆயரின் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் அது வருகிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. மேய்ச்சலை நாடி இடம்பெயர்வோருக்கு உடனடியாக எழுப்பிப் பின் விட்டுச் செல்லத்தக்க வேலி தேவை; இடுமுள் அதற்குப் போதும். ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோருக்குத் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் வேலி தேவை. அதற்கு வாழ்முள்ளே ஏற்றது. இடுமுள் முதல்நாளில் வலிமையாக இருந்து, நாள்தோறும் மெலியும். வெயில் அதனை உலர்த்தும், கறையான் அரிக்கும், ஒரு தீப்பொறி போதும் எரிந்து போக. வாழ்முள் முதல்நாளில் மெலிந்திருந்து, ஆண்டுதோறும் வலுக்கும். ஒடித்தால் தழைக்கும்; மழை பெய்தால் அடரும். இந்நூற்றாண்டில் இதனை ‘உயிர்வேலி’ என்கிறோம். சொல் மாறினாலும் கருத்து பெரும்பாணாற்றுப்படையினுடையதே.

தமிழகத்தில் உயிர்வேலிக்கு எண்ணற்ற செடிகள் பயன்பட்டன. கிளுவை, சூரை, இலந்தை, காரை, சங்கஞ்செடி, கள்ளி, நொச்சி, ஆடாதோடை என நிலத்திற்கும் நீர்வளத்திற்கும் ஏற்ப அவை வேறுபடும். அவற்றின்மேல் தூதுவளை, கோவை, பிரண்டை, முசுமுசுக்கை முதலிய கொடிகள் படரும். கொங்கு நாட்டின் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் ‘கொரங்காடு’ எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. முள்கிளுவையால் வேலியிட்ட இந்நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர்கின்றன. காங்கேயம் மாடுகள் மேயும் இந்நிலங்களில், மாட்டைக் காக்க ஆள் வேண்டுவதில்லை, வேலியே காவலாள். இவ்வாறு வேலியாக நின்ற செடிகளுள், காவலையும் கனியையும் ஒருங்கே தருவதில் களாவுக்குத் தனியிடம் உண்டு.

முள்ளின் கணக்கு

களா என்னும் பொதுப்பெயரால் நாம் அழைப்பவை முதன்மையாக இரண்டு சிற்றினங்கள். காரிசா காரண்டாஸ் என்பது பெருங்கனி தரும் களா. காரிசா ஸ்பைனாரம் என்பது சிறுகளா. சிறுகளா ஆப்பிரிக்கா தொடங்கி ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது. தமிழகத்தில் மலையடிவாரக் குறுங்காடுகளிலும் செம்மண் மேடுகளிலும் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய கோயிற்காடுகளிலும் காணப்படுகிறது. இவ்விரண்டும் அப்போசைனேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. அரளியும் நித்தியகல்யாணியும் எருக்கும் இதே குடும்பத்தின. கிளையை ஒடித்தாலும் காயைக் கிள்ளினாலும் வெண்பால் கசிவது இக்குடும்பத்தின் பொது அடையாளம்.

களாவைச் சிறந்த வேலியாக்குவது அதன் முள். எல்லா முட்களும் ஒரே வகையின அல்ல. ரோசாச் செடியின் முள் தண்டின் மேற்புறத்தில் தோன்றும் வளரி. விரலால் தள்ளினால் பெயர்ந்துவிடும். இலந்தையின் முள் இலையடிச் செதிலின் மாற்றுரு. களாவின் முள்ளோ தண்டின் மாற்றுரு. கிளையாக நீண்டிருக்க வேண்டிய மொட்டே கூர்மையாகி முள்ளாகிறது. ஆகவே அது கட்டையைப் போல் உறுதியானது; எளிதில் ஒடியாது.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. கிளையின் நுனிமொட்டு முள்ளாக மாறிவிட்டால் அக்கிளை அதே திசையில் மேலும் நீள இயலாது. அப்போது அதற்குக் கீழே எதிரெதிராக அமைந்த இரண்டு இலைக்கோண மொட்டுகள் இரு கிளைகளாகப் பிரிந்து வளர்கின்றன. அவற்றின் நுனிகளும் பின்னர் முள்ளாகின்றன. மீண்டும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் புதர் உள்ளுக்குள்ளேயே பின்னிக்கொள்கிறது. தன் வளர்ச்சியை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வதன் வாயிலாகவே களா அடர்த்தியைப் பெறுகிறது. அதனால்தான் நன்கு வளர்ந்த களாவேலியில் ஆடும் மாடும் நுழைவது அரிது. தோல்போன்று தடித்த பசிய இலைகளும் கசியும் பாலும் மேய்ச்சலிலிருந்து அதனைப் பெரிதும் காக்கின்றன. ஆழமாக இறங்கும் வேர், மழை பொய்த்த ஆண்டுகளிலும் அதனை உயிரோடு வைத்திருக்கிறது.

பூவும் கனியும்

முட்களுக்கு இடையே களா பூப்பது ஒரு வியப்பு. ஐந்து இதழ்கள் விரிந்த வெண்ணிற விண்மீன் போன்ற சிறு பூக்கள், மல்லிகையை ஒத்த மணத்துடன் கொத்துக் கொத்தாக மலர்கின்றன. குழல்போன்ற அடிப்பகுதியினுள் தேன் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழலுடைய பூச்சிகள் அதனை நாடி வருகின்றன. பிஞ்சு பசுமையாகத் தோன்றி, வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம் பெற்று, முற்றியதும் கருஞ்சிவப்பாகிப் பின் கருமை கொள்கிறது. கோடையில் காய்த்து, மழைக்காலம் நெருங்கும்போது பழுப்பது அதன் இயல்பு.

காய்க்குத் துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. பழத்தில் இனிப்பு ஏறினாலும் புளிப்பு முற்றிலும் விலகுவதில்லை. காயை உப்பிலிட்டு ஊறுகாயாக்குவது நம் வீடுகளின் பழைய வழக்கம். மாங்காய் கிடைக்காத இடத்தில் பருப்போடு சேர்த்துச் சமைப்பதும் உண்டு. பெக்டின் என்னும் பொருள் இதில் மிகுந்திருப்பதால், சர்க்கரையோடு காய்ச்சினால் பழக்கூழ் நன்றாக இறுகும். எனவே பழப்பாகு செய்வோர் இதனை விரும்புகின்றனர். இந்தியில் இதற்குக் கரௌந்தா என்று பெயர். மராட்டிய மலைப்பகுதிகளில் இலைக்கூம்புகளில் இட்டு விற்கப்படும் இக்கனியை, அதன் கருநிறம் கருதி ‘மலையின் கரிய மைனா’ என அம்மக்கள் செல்லமாக அழைக்கின்றனர்.

களாவை உண்டதே இல்லை என்று நினைக்கும் மாணவரும் பெரும்பாலும் அதனை உண்டிருப்பர். பேக்கரிகளில் கேக்கின் மீதும் பன்னின் நடுவிலும் ‘செர்ரி’ என்ற பெயரில் பளபளக்கும் சிவந்த கனிகளுள் மிகப்பல உண்மையில் களாக்காய்களே. கொட்டை நீக்கி, செந்நிறமூட்டி, சர்க்கரைப்பாகில் ஊறவைத்ததும் களங்காய் செர்ரியாகிவிடுகிறது. மன்னன் ஒருவன் தன் பெயரிலேயே தாங்கிய காய், இன்று தன் பெயரை மறைத்துக்கொண்டு நம் தட்டுக்கு வருகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வேலியோரத்தில் களாவை அடுத்து மஞ்சள் அரளியும் நிற்கலாம். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் பால் கசியும். ஆனால் அதன் கொட்டை உயிரைப் பறிக்கும் நஞ்சு. எனவே உறுதியாக அடையாளம் தெரியாத எந்தக் காயையும் கனியையும் வாயில் இடலாகாது. வேலியில் எது உணவு, எது நஞ்சு என்னும் அறிவு, அவற்றை நன்கறிந்த பெரியோரிடமிருந்து நேரில் பெறவேண்டியது. முந்தைய தலைமுறையில் ஆடு மேய்க்கும் பத்து வயதுச் சிறுவருக்கும் இருந்த அவ்வறிவு, கைமாறும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நமக்கு வந்து சேராது.

வேலி ஓர் ஊர்

களாவேலி மனிதர்க்கு எல்லை. பிற உயிர்களுக்கு வீடு. முட்கள் பின்னிய உட்புறத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. பருந்தும் பூனையும் அங்கு எளிதில் நெருங்க இயலாது. அடியில் கௌதாரி பதுங்குகிறது. கீரியும் ஓணானும் வேலி வழியே நடமாடுகின்றன. செம்போத்து அடர்ந்த இலைகளினூடே இரை தேடுகிறது. ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்னும் பழமொழி பிறந்தது இத்தகைய வேலியைப் பார்த்துத்தான். கம்பி வேலியைப் பார்த்தன்று.

இவ்வுயிர்கள் வேலியில் வாழ்வதோடு, வேலியை வளர்க்கவும் செய்கின்றன. களாக்கனியையும் சூரைப்பழத்தையும் உண்ட பறவை, வேறோர் இடத்தில் அமர்ந்து எச்சமிடுகிறது. அதிலுள்ள விதை அங்கே முளைக்கிறது. மனிதர் களா மட்டும் நட்ட வேலியில் சில ஆண்டுகளில் காரையும் சங்கஞ்செடியும் கோவையும் தாமாகவே வந்து சேர்வது இதனால்தான். இடைவெளி விழுந்த இடத்தைப் பறவைகள் விதையிட்டு நிரப்புகின்றன. பயிரைத் தாக்கும் புழுக்களையும் பூச்சிகளையும் வேலியில் வாழும் பறவைகளும் ஓணான்களும் இரையாக்குகின்றன. வேலியின் வேர் மண்ணரிப்பைத் தடுக்கிறது. உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகிறது. புதரின் அடர்த்தி காற்றின் விரைவைக் குறைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், வேலி அடைத்துக்கொள்ளும் நிலத்திற்கு அது செலுத்தும் குத்தகை மிகுதியே.

யாருக்குரிய கனி?

வேலிக்கனிக்கு மற்றொரு சிறப்பு உண்டு. தோட்டத்து மாங்காயைப் பறித்தால் அது திருட்டு. வேலியோரத்துக் களாப்பழத்தைப் பறித்தால் ஊரில் எவரும் அதனைத் திருட்டென்று சொல்வதில்லை. வேலியின் உட்புறம் நிலத்துக்காரருக்குரியது, வெளிப்புறம் வழிநடப்போருக்குரியது. ஆடு மேய்ப்பவரும் பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவரும் களையெடுத்துத் திரும்பும் பெண்களும் அதில் பறித்து உண்டனர். ஒரு சொந்த நிலத்தின் எல்லையிலேயே பொதுவுடைமை ஒன்று பழுத்துத் தொங்கியது என்பதுதான் வாழ்முள் வேலியின் தனிச்சிறப்பு.

களா பழுக்கும் பருவத்தையும் நோக்க வேண்டும். மானாவாரி நிலங்களில் கோடையின் பிற்பகுதி, பழைய விளைச்சல் தீர்ந்து புதிய விதைப்புக்குக் காத்திருக்கும் காலம். குதிரும் பானையும் காலியாகும் அந்நாள்களில் உழவுக்கூலியை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கையிருப்புக் குறைவு. அப்போது பணமின்றிக் கிடைக்கும் கனி எதுவாயினும் அது வெறும் தின்பண்டமாக இராது. களாப்பழம் ஒருவேளைச் சோற்றுக்கு ஈடாகாது. ஆயினும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு ஊறுகாயாகவும், மடியில் கட்டிச் சென்ற ஒரு பிடிப் பழமாகவும் அது உதவியது. வேலியை வெட்டும்போது இந்தக் கணக்கு எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. இழப்பவர்கள் நிலத்தின் உரிமையாளர்கள் அல்லர் என்பதே அதற்குக் காரணம்.

வரியைக் காத்த முள்

வேலி எப்போதும் நன்மைக்கே நின்றது என்று கூற இயலாது. இதே களாவை ஆங்கில அரசு எதற்குப் பயன்படுத்தியது என்பதை வரலாறு காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட வட இந்தியப் பகுதிகளில் உப்பின்மீது கடுமையான வரி விதிக்கப்பட்டிருந்தது. வரி குறைந்த பகுதிகளிலிருந்து உப்பு உள்ளே வருவதைத் தடுக்க உள்நாட்டுச் சுங்க எல்லை ஒன்று அமைக்கப்பட்டது. 1869இல் அது சிந்து ஆற்றிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீண்டிருந்தது. கிட்டத்தட்ட 12,000 பேர் அதனைக் காவல் காத்தனர். அவ்வெல்லையின் பெரும்பகுதியில் தொடக்கத்தில் இருந்தது வெட்டிப் போட்ட முட்களால் ஆன வேலி. அதாவது இடுமுள் வேலி. கறையானும் தீயும் புயற்காற்றும் அதனை ஓயாமல் அழித்தன. 1867 முதல் 1870 வரை அத்துறையின் ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அதனை வாழ்முள் வேலியாக மாற்ற முனைந்தார். பிற்காலத்தில், 1885இல், இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் அறியும் ஹியூம் இவரே. இலந்தை, கருவேலம், கள்ளி வகைகள், சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றோடு களாவும் அங்கு நட்டு வளர்க்கப்பட்டது. நன்கு வளர்ந்த இடங்களில் வேலி 12 அடி உயரம் வரை எழுந்து நின்றது.

வேலியின் ஒருபுறம் உப்பு. மறுபுறம் உப்புக்கு ஏங்கிய ஏழைகள். சிறுவருக்குக் கனி தந்த அதே முள், உழைப்பவரின் கஞ்சிக்கு உப்பு எட்டாமல் தடுத்தது. 1879இல் அச்சுங்க எல்லை கைவிடப்பட்டது. ஆயினும் உப்பு வரி நீங்கவில்லை. உப்பு விளையும் இடங்கள் அரசின் கைக்குள் வந்து, வரியும் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக்கப்பட்டதால் வேலி தேவையற்றதாயிற்று, அவ்வளவே. அவ்வரியை எதிர்த்துத்தான் 1930இல் காந்தியடிகள் தண்டிக்கும், இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்திற்கும் நடந்தனர். ராய் மாக்சம் என்னும் ஆங்கில எழுத்தாளர் இம்மறக்கப்பட்ட வேலியைத் தேடி அலைந்து, 2001இல் அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அத்தனை நீண்ட வேலியின் தடத்தைக் கண்டறிவதே அவருக்கு அரிதாயிருந்தது.

களா மாறவில்லை, இரண்டிடத்திலும் அதே முள், அதே பூ, அதே கனி. வேலியை நடுவோரின் நோக்கமே வேறு. ஒன்று, வெளியே நிற்பவருக்கும் பங்கு வைத்து நடப்பட்டது. மற்றொன்று, வெளியே நிற்பவருக்கு எதுவும் சென்றுவிடக் கூடாது என்று நடப்பட்டது. எந்த வேலியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய முதல் வினா இதுவே.

கம்பி வந்த பின்

1874இல் அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மரமும் கல்லும் அரிதான பரந்த புல்வெளிகளில் கால்நடைகளைத் தடுக்க அது உருவானது. காலப்போக்கில் உலகெங்கும் பரவி நம் ஊர்களுக்கும் வந்தது. கம்பி வேலிக்குச் சில வசதிகள் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஒரே நாளில் எழுப்பலாம். நிலத்தில் ஒரு சாண் அகலத்தைக்கூட அது அடைத்துக்கொள்வதில்லை. நிழல் விழுந்து பயிர் மெலிவதில்லை. ஆண்டுதோறும் கவாத்து செய்ய ஆள் தேடவேண்டியதில்லை. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வோர் அடியும் விலையேறிவிட்ட காலத்தில் உழவர் கம்பியைத் தேர்ந்ததற்கு அவர்களைக் குறைகூறுவது முறையன்று.

ஆனால் கம்பி இடுமுள்ளின் இன்றைய வடிவமே. எழுப்பிய நாளிலிருந்து அது துருவேறித் தளர்கிறது. அது பூப்பதில்லை, காய்ப்பதில்லை, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. மனைகளாக மாறிய நிலங்களில் வேலிகள் அடியோடு அகற்றப்படுகின்றன. எஞ்சிய தரிசுகளிலும் சாலையோரங்களிலும் அயல்நிலத்திலிருந்து வந்த சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பரவி, களா, காரை, சூரை ஆகியவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. செடி மறையும்போது அதன் பெயரும் மறைகிறது. துடரி என்னும் சொல்லுக்கு இன்று அகராதியில் பொருள் தேடுகிறோம்; புறநானூற்று ஆடவருக்கோ அது நாவில் ஊறிய சுவை. இலக்கியத்தில் ஒரு சொல் உயிரோடு இருப்பதற்கு, நிலத்தில் அதன் பொருள் உயிரோடு இருக்கவேண்டும்.

மீண்டும் முளைக்க

களாவை மீட்பது கடினமன்று. நன்கு பழுத்த கனியின் விதையை எடுத்து, உலரவிட்டு நெடுநாள் வைக்காமல், விரைவில் விதைக்க வேண்டும். நாளாக ஆக அதன் முளைப்புத்திறன் குறையும். நாற்று மெல்ல வளரும். மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டு அல்லது மூன்று அடி இடைவெளியில் நட்டு, வேர் பிடிக்கும் வரை நீர் விட்டால் போதும். மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை நுனிகளைக் கத்தரித்துவந்தால் அடிப்பகுதி அடர்ந்து வேலி இறுகும். வளமான மண்ணும் மிகுந்த நீரும் அதற்குத் தேவையில்லை. நீர் தேங்காமல் இருந்தாலே போதும்.

வேளாண் பல்கலைக்கழகங்களும் இப்புதரைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. பந்த் நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகிய களா வகைகளை உருவாக்கியுள்ளது. கொங்கண் பகுதிக்குக் கொங்கன் போல்ட் என்னும் பெருங்கனி வகை கிடைத்துள்ளது. வறண்ட நிலத்து உழவருக்கு இவை கூடுதல் வருவாய் தரக்கூடும். அவற்றை வரவேற்கும் அதே வேளையில், வரிசையாக நட்ட களாத்தோட்டம் வேலியோரக் களாவுக்கு ஈடாகாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தோட்டத்துக் களா சந்தைக்குரியது. வேலிக் களாவில் பறவைக்கும் வழிப்போக்கருக்கும் பங்கு உண்டு.

எல்லா வேலிகளையும் மாற்றிவிட இயலாது. ஆயினும் பள்ளி வளாகத்தின் ஓர் ஓரம், ஏரிக்கரையின் ஒரு பகுதி, கோயில் நந்தவனத்தின் ஒருபுறம், ஊர்ப்பொதுநிலத்தின் ஓர் எல்லை என எங்கேனும் ஓரிடத்தில் வாழ்முள் வேலி ஒன்றை எழுப்ப இயலும். களாவோடு காரையும் நொச்சியும் கிளுவையும் கலந்து நட்டால் போதும். மற்றவற்றைப் பறவைகள் கொணர்ந்து சேர்க்கும். அவ்வேலியில் முதற்கனி பழுக்கும் ஆண்டில், பதினோராம் வகுப்பில் இன்று பயிலும் மாணவர்கள் பள்ளியை விட்டுச் சென்றிருப்பர். அக்கனியைப் பறிப்பவர், இன்று ஏழாம் எட்டாம் வகுப்புகளில் பயிலும் ஒருவராக இருப்பார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் எஞ்சியுள்ள உயிர்வேலி ஒன்றைப் பெரியோர் துணையுடன் பார்வையிட்டு, அதிலுள்ள செடிகொடிகளின் வட்டாரப் பெயர்களைத் தொகுக்க.

2. வேலி தொடர்பான பழமொழிகளைத் திரட்டி, அவை எவ்வகை வேலியை மனத்திற்கொண்டு தோன்றியிருக்கும் என வகுப்பில் கலந்துரையாடுக.

3. உண்ணத்தக்க காட்டுக்கனிகளையும் நச்சுக்கனிகளையும் வேறுபடுத்திக் காட்டும் படத்தொகுப்பு ஒன்றைத் தாவரவியல் ஆசிரியரின் உதவியுடன் உருவாக்குக.

4. ‘வேலி: காவலா, தடையா?’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.